‘கடக்’ சத்தத்தோடு ஒரு குடித்தனம்

காரின் அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷைப் போல யாரும் நன்றி சொல்லாத உத்தியோகம் உலகத்தில் வேறு கிடையாது. அதை மாற்றிக் கொடுக்கிறவனின் உத்தியோகம் அதற்கு அடுத்தது.

புஷ் என்றால் ஒன்றுமில்லை. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரின் அடியையும் தான் வாங்கிக்கொள்கிற ஒரு ரப்பர் வளையம். உயிரோடு இருக்கும்வரை அதன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அது செத்த பிறகு, வண்டி ஏறுகிற மேட்டிலெல்லாம் இறங்குகிற பள்ளத்திலெல்லாம் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்போதும் பழி புஷ்ஷின் மேல் விழாது. ரோட்டின் மேல் விழும், அப்சார்பரின் மேல் விழும், காரை விற்றவன் மேல் விழும், கடைசியில் சுற்றி வளைத்து என் மேல் விழும்.

சிங்கப்பூரில் ஒரு பஸ் டிப்போவில் இளமையைத் தேய்த்துவிட்டு, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் மலேசியாவில் என் சொந்த ஊரான ஈப்போவுக்குத் திரும்பினேன். மனைவியின் தம்பி குமரனும் நானுமாக ஜெலாப்பாங்கில் ஒரு பட்டறை நடத்துகிறோம். நீங்கள் தாதியாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், குழாய் ரிப்பேர் செய்கிறவராக இருக்கலாம். உங்கள் வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் உங்களை நிற்க வைத்து, உங்கள் வேலையை உங்களுக்கே விளக்கியிருக்கிறாரா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. வாருங்கள், சேர்ந்து வயிறெரிவோம்.

வேன் வருகிறது

எங்கள் பட்டறைக்கு முன்னால் ரோட்டில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பொங்கோல் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது டாக்டர் காதில் மாட்டுகிற குழாய் மாதிரி. காலையில் கோப்பிக் கிளாசோடு வாசலில் நின்றால் போதும், போகிற வண்டிகளின் நோய் முழுவதும் காதில் விழுந்துவிடும். அந்த நோயாளிகளில் மிக மோசமானது பத்மா அக்காவின் பள்ளி வேன். செமோர் பக்கம், ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. செம்பனைக்குப் பின்னால், தோட்டத்து ஜனங்கள் இன்னமும் குடியிருக்கிற ஒரு வரிசை வீடுகள். அங்கிருந்து பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போகிற வேன் அது. பொங்கோலில் ஏறும்போது ஒரு ‘கடக்’, இறங்கும்போது இன்னொரு ‘கடக்’. உள்ளே பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போகும். எனக்குத்தான் கோப்பி கையிலேயே ஆறிப்போகும்.

ஒருநாள் டயருக்குக் காற்றடிக்க அக்கா வேனை நிறுத்தினார். ஐம்பது தாண்டியவர், தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தொப்பி, குரல் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்கும். நான் விறுவிறுவென்று கீழே குனிந்து பார்த்தேன். இடது பக்கத்து லோவர் ஆர்மின் புஷ், நேற்றைய உளுந்து வடையைப் பிட்டுப் போட்ட மாதிரி பிளந்து கிடந்தது. "அக்கா, இந்த ஆர்முதான் சக்கரத்தைப் புடிச்சிருக்கு. ஆர்மைப் புடிச்சிருக்கிற ரப்பர் செத்துப் போச்சு. குவாரி லோரிக்குப் பின்னால போறப்ப திடீர்னு பிரேக் வச்சீங்கன்னா வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளே பிள்ளைங்க இருக்கு" என்றேன். அக்கா காற்று மூடியைத் திருகிப் போட்டுவிட்டுச் சிரிக்காமல் சொன்ன பதிலை, நான் விளையாட்டுப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்: "பிரேக் புடிக்குது, ஹார்ன் அடிக்குது, வேற என்ன வேணும்? அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடாதே தம்பி, எனக்கு அது வேணும்லா."

பல்லவி முடிந்ததும்

வண்டியைக் கொண்டுவராமலே வைத்தியம் கேட்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஒருவர் போனில் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். ‘கேட்டுவிட்டு என்ன கோளாறு என்று உடனே சொல்லவும்’ என்று உத்தரவு வேறு. கேட்டேன். ஏர்கான் காற்று வீசுகிறது, யாரோ முறுக்கு கடிக்கிறார்கள், ரேடியோவில் ஒரு பெண் உருகி உருகிப் பாடுகிறார். சத்தத்தைக் காணோம். திரும்பக் கேட்டேன். குமரனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவன் முறுக்கு தேங்காய்ப்பால் முறுக்கு என்று கண்டுபிடித்தான். போன் போட்டு, "ரேடியோவை நிறுத்திட்டுப் பதிவு செஞ்சி அனுப்புங்க, இல்லாட்டி வண்டியைக் கொண்டாங்க" என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு, மந்தமான மாணவனைப் பார்த்து வாத்தியார் விடுவது போல: "பொறுமையா கேளுங்க போஸ், பல்லவி முடிஞ்சி அந்த அம்மா மூச்சு வாங்குற எடத்துல கரெக்டா வரும்."

சாமி முந்திக்கொண்டது

பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். காரை மேலே தூக்கினால், இடது லோவர் ஆர்மில் மஞ்சள் தடவிய கறுப்புக் கயிறு. கயிற்றில் ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம். சத்தம் தொடங்கியதும் நேரே முனியாண்டி கோயிலுக்குப் போயிருக்கிறார். சாமி வந்தவர் காரைச் சுற்றி நடந்துவிட்டு, முன் பக்கம் இடது சக்கரத்தில் தோஷம் என்று சொல்லிக் கட்டிவிட்டாராம். எனக்குச் சாமியோடு சண்டை இல்லை. நானும் தினம் பட்டறையைத் திறக்கும்போது கற்பூரம் காட்டுகிறவன்தான். ஆனால் அந்தக் கயிறு ரப்பரை உரசி உரசி மிச்சமிருந்ததையும் அறுத்துக்கொண்டிருந்ததே, அதை யாரிடம் போய்ச் சொல்ல?

கயிற்றை மரியாதையாக அவிழ்த்து ஒரு தட்டில் வைத்தேன். கம்பியை நெம்பி, ஆர்ம் ஆடுவதைக் காட்டினேன். பாதி உதிர்ந்த ரப்பரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். புஷ் தேய்வது எப்படி, சத்தம் பிறப்பது எப்படி என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நானும் ஒரு ஆத்மாவைத் திருத்திவிட்ட திருப்தியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னார்: "சாமியும் முன்பக்கம் லெப்ட்டுன்னுதான் சொன்னிச்சு, நீங்களும் முன்பக்கம் லெப்ட்டுன்னுதான் சொல்றீங்க, அப்பறம் நீங்க புதுசா என்னத்தண்ணே கண்டுபுடிச்சீங்க?"

சிலிப்பர் வைத்தியம்

தமிழனுக்கும் ரப்பருக்கும் இந்த மண்ணில் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்ததுதான். என் அப்பாவும் அம்மாவும், ரப்பரைக் கித்தா என்று சொல்லிக்கொண்டு, பால்மரம் வெட்டியவர்கள்தான். அந்த உறவை வைத்துக்கொண்டு, உலகத்து ரப்பருக்கெல்லாம் தாங்களே மேனேஜர் என்று நினைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்குத் தலைவர் மணியம் அண்ணன். லோரி ஓட்டி ஓய்ந்தவர். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். அதை லிஃப்டில் தூக்கிப் பார்த்தபோது, புஷ் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ நீல நிறம் தெரிந்தது. புஷ்ஷில் நீலம் நான் பார்த்ததே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். குளியலறையில் போடுகிற ஜப்பான் சிலிப்பர்! குதிகால் பக்கத்தை வட்டமாக வெட்டி, ரப்பர் கிழிந்த இடுக்கில் சுத்தியலால் அடித்துச் செருகியிருக்கிறார். சிலிப்பரின் சைஸ் நம்பர்கூட அழியாமல் தெரிந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அண்ணே, ஒரு டன் வண்டியைத் தாங்கணும் இது. கக்கூசுக்குப் போற சிலிப்பர் தாங்குமா?" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து வெளியே பொங்கோலில் ‘கடக்... கடக்’ என்று பத்மா அக்காவின் வேன் போனது. இன்னும் கொஞ்ச நாளில் அந்த அம்மாவும் ஒரு சிலிப்பரை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார் என்று நினைத்தபோது என் குரல் இன்னும் ஏறியது. மணியம் அண்ணன் அசையவில்லை. சிலிப்பரைச் செல்லமாக ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோட்டத்துல பொறந்தவனுக்குக் கித்தாவைப் பத்திப் பாடம் நடத்துறியா தம்பி? ஒத்தை சிலிப்பர் வீட்ல சும்மாதான் கெடக்கு, கொண்டாறேன், ரைட் பக்கத்துக்கும் அடிச்சி வுடு."

நட்டுக்குத் தெரியுமா?

வெளியாட்களை மட்டும் குறை சொன்னால் நியாயம் இல்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருக்கிறான். புஷ் போடும் வேலையில் ஒரு விஷயம் முக்கியம். வண்டி லிஃப்டில் தொங்கும்போது நட்டை மாட்டலாம், கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து, வண்டி தன் எடையில் தானே நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் தொங்குகிற நிலையிலேயே பிடிபட்டுப் போகும். வண்டியை இறக்கியதும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இரவும் பகலும் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஆசைப்பட்டுப் போட்ட புதுப் புஷ், பழைய புஷ்ஷைவிட சீக்கிரம் கிழியும்.

நான் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த நாளில் ஒரு டீச்சரின் கார் வந்திருக்கிறது. குமரன் அதைத் தொங்கப் போட்டே முறுக்கி, மினுமினுவென்று துடைத்து, அனுப்பிவிட்டான். கார் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோதே வாங்கியிருக்கிறேன். பட்டறையை மூடிய பிறகு குமரனை உட்கார வைத்து, ரப்பரின் கஷ்டத்தை எடுத்துச் சொன்னேன். ‘எதையும் அதன் காலில் நிற்கவிட்டுத்தான் இறுக்க வேண்டும்’ என்று கொஞ்சம் தத்துவமும் சேர்த்துக்கொண்டேன். டிப்போவில் தனியாக யோசித்து யோசித்து வந்த வியாதி. குமரன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்: "தொங்குறப்ப முறுக்கினா என்னா, நிக்கிறப்ப முறுக்கினா என்னா, நட்டுக்குத் தெரியவா போவுது? சிங்கப்பூர்ல ரப்பருக்கு முதுகுவலிகூடப் பாப்பாங்க போல மச்சான்."

நடுரோட்டில்

மழை விட்ட ஒரு காலை. வாசலில் நான், குமரன், மணியம் அண்ணன் மூவரும் நிற்கிறோம். அண்ணனின் காருக்கு ஒருவழியாகப் புதுப் புஷ் போட்டாகிவிட்டது. ‘சிலிப்பரில் இருந்த மெதுமெதுப்பு இதில் இல்லை’ என்று அவர் குறைபட்டுக்கொண்டிருந்தார். வேன் வந்தது. ஏறும்போது ‘கடக்’. இறங்கும்போது வழக்கமான சத்தம் இல்லை. ‘டொங்’ என்று இரும்பு நேரே இரும்பில் விழுகிற சத்தம். அதோடு வேனின் மூக்கு இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டி நேரானது. கோப்பிக் கிளாஸ் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. ஓடிப் போய் நடுரோட்டில் வேனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பின்னால் குவாரி லோரி ஒன்று ஹார்ன் அடிக்கிறது. அக்கா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பைத்தியமா உனக்கு? வழி விடுலா, பெல் அடிச்சிடும்!" என்கிறார். நான் சுற்றி வந்து, அந்தச் சன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு வேன் சாவியைப் பிடுங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் கை தட்டின. பள்ளிக்கூடம் இல்லை என்று நினைத்துவிட்டன போலும்.

தள்ளிக்கொண்டுபோய் ஓரம் கட்டினோம். மணியம் அண்ணன் தன் புதுப் புஷ் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்து மீதியையும் ஏற்றிக்கொண்டு, எல்லாரையும் பள்ளியில் விட்டார். நான் ஜாக்கி வைத்துத் தூக்கி, அக்காவைக் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தேன். புஷ்ஷில் ரப்பர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. நெம்புகோலை வைத்து லேசாக ஒரு தள்ளு தள்ளினேன். ஆர்ம் தன் இடத்தை விட்டு நகர்ந்தது. அதோடு சக்கரமும் பின்னால் நகர்ந்தது. அக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அன்றைக்கே சொன்னேனே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படியா, அந்த லோரி கொஞ்சம் நெருக்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, இத்தனை நாள் வாசலில் நின்று விழுங்கியதையெல்லாம் கொட்டினேன். அக்கா தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். புடவையிலிருந்த மண்ணைத் தட்டினார். "சரி, செய்யி" என்றார். இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி, உண்மையிலேயே புரியாதவர் போல என்னைப் பார்த்துக் கேட்டார்: "புள்ளைங்களுக்குத்தான் ஒண்ணும் ஆவலையே, அப்பறம் நீ ஏன் தம்பி இந்தக் கத்து கத்துறே?"

சத்தம் போன மறுநாள்

இரண்டு பக்கத்து ஆர்ம் புஷ்ஷையும் மாற்றினேன். இடது பக்கத்து ஆர்ம் அடி வாங்கி நெளிந்திருந்ததால், அதையே குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். கடைசி முறுக்கைத் தரையில் வைத்துத்தான் முறுக்கினேன். குமரனைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கவும் சொன்னேன். மறுநாள் காலை வேன் பொங்கோலில் ஏறி இறங்கியது. தண்ணீரில் வாத்து போகிற மாதிரி ஒரு சத்தமும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த பிறகு எனக்குக் கிடைத்த மிக நல்ல காலை அதுதான். ஆனால் வேன் வழக்கத்தைவிட வெகு தாமதமாகப் போகிறதே என்று மட்டும் ஒரு எண்ணம் ஓடியது. அரிசி மாவு ரொட்டி வாங்கிப் பசியாற உட்கார்ந்தேன். பாதி ரொட்டி தின்பதற்குள் வேன் திரும்பி வந்து, பட்டறைக்குள்ளேயே ஏறி நின்றது. பத்மா அக்கா இறங்கினார். முகம் சரியில்லை. நான் போட்ட புஷ்தான் கழன்றுவிட்டதோ என்று ரொட்டியைப் போட்டுவிட்டு வேனுக்கு அடியில் குனிந்தேன்.

விஷயம் வேறு. வீடுகளுக்குள் நுழைகிற இடத்தில், தோட்டக் காலத்து இரும்புத் தகட்டுப் பாலம் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் வேன் அதில் ஏறினால் ‘கடக்’ சத்தம் வரிசை முழுவதும் எதிரொலிக்கும். அந்த வீடுகளில் கடிகாரமே அதுதானாம். பாலத்தில் ‘கடக்’ கேட்டால் அம்மாக்கள் பிள்ளையின் காலில் சப்பாத்து மாட்டத் தொடங்குவார்கள். வேன் கடைசி வீடு வரை போய்த் திரும்புவதற்குள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். இன்று வேன் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் நின்றிருக்கிறது. ஒரு வாசலிலும் பிள்ளை இல்லை. பாதிப் பிள்ளைகள் இன்னும் தூக்கத்தில். ஒவ்வொரு வீடாக இறங்கிக் கதவைத் தட்டி, பல் விளக்காததையும் தலை சீவாததையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், பள்ளியில் வாசற்கதவை மூடியபிறகு நின்று, அக்கா தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

அவர் அன்றைக்குச் சொன்னது விளையாட்டுப் பேச்சே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தாலும் விடுவேனா? சக்கரம் கழன்று விழாமல் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைக்கிற மாலை இதுதானா? "ஏன்க்கா, வண்டியில ஹார்ன்னு ஒண்ணு வச்சிருக்கானே, அது எதுக்கு? பாலத்துல ஏறினதும் அதை அடிக்க வேண்டியதுதானே!" என்று நானும் எகிறினேன். அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிங்கப்பூருக்குப் போய் இருந்த மூளையையும் தொலைத்துவிட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை. "அடிக்காம இருப்பேனா? அடிச்சேன்லா! மீன்காரன் வந்துட்டான்னு நெனைச்சிக்கிட்டு அத்தனை பொம்பளைங்களும் சட்டியைத் தூக்கிட்டு ஓடியாந்து, கெம்போங் மீன் இருக்கான்னு என்கிட்டயே கேக்குறாளுங்க!"

வண்டிகளின் சத்தத்தை ஒழிப்பதற்கென்றே ஊர் திரும்பிய நான், அன்று சாயங்காலம் குப்பையில் போட்ட அதே பழைய லோவர் ஆர்மைத் தேடி எடுத்து, கம்பி கட்டிப் பாலத்து முனையில் தொங்கவிட்டு, அக்கா ஸ்பேனரால் அதை அடிக்கும்போது கடைசி வீடு வரைக்கும் ‘கடக்’ என்று சரியாகக் கேட்கிறதா என்று அங்கே போய் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தேன்.